மத்து மாதிரி ஆடும் கியர் ராடு: பழைய பென்ஸ் லாரியின் டாப் கவரைப் பிரித்துக் கட்டுவது

அண்ணாச்சியின் லாரி 1967 மாடல் டாட்டா பென்ஸ். மூக்கு நீண்ட வண்டி. கிரில்லில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. டாட்டாவும் ஜெர்மன் பென்ஸும் 1954-ல் கைகோத்து 1969-ல் பிரிந்தார்கள். அப்புறம் வந்த வண்டிகளில் நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்துவிட்டது. அதனால் நட்சத்திர வண்டி என்றால் சினிமாக்காரர்களுக்கு ஒரு மோகம். பழைய காலத்துக் கதை எடுப்பவர்கள் வாடகைக்குக் கேட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் மாதவரத்தில் என் ஷெட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில்தான் நிற்கும்.

போன தை மாதம் ஒரு ஷூட்டிங் முடிந்து திரும்பியபோது டிரைவர் புலம்பிக்கொண்டே இறங்கினார். “மேஸ்திரி, மூணாவது போட்டா நிக்க மாட்டேங்குது. நியூட்ரல்ல மத்து மாதிரி ஆடுது. எந்தக் கியர் எங்க இருக்குன்னே தெரியல.” அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “கியர்பாக்ஸ இறக்கணுமாவே?”

எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பல பட்டறைகளில் ஆமாம் என்றுதான் பதிலும் வரும். என் அனுபவத்தில், ராடு ஆட்டத்துக்காக இறக்கிய பெட்டிகளில் பாதிக்கு மேல் இறக்கவே தேவையில்லாதவை. கோளாறு மேலே இருக்கும். கியர்பாக்ஸின் மேல்மூடியான டாப் கவரைத் திறந்து, அதில் தேய்ந்ததைச் சரிசெய்து, அப்புறமும் கியர் நழுவினால் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். இங்கே எழுதியிருப்பது பென்ஸில் நான் செய்தது. ஜீப், பெட்ஃபோர்டு, ஃபார்கோ என்று தரையிலிருந்து ராடு நேராக மேலே வரும் எந்தப் பழைய வண்டிக்கும் அடிப்படை இதேதான்.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கியர் ராடின் நடுவில் ஓர் உருண்டை இருக்கும். டாப் கவரின் கழுத்தில் அதற்கு ஒரு குழி. மேலிருந்து ஒரு கூம்பு ஸ்பிரிங் உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்திருக்கும். உருண்டைக்குக் கீழே இருக்கும் நுனிதான் உள்ளே போய், கியரைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் ராடுகளின் வெட்டில் நுழைந்து தள்ளுகிறது. அண்ணாச்சி வண்டியில் உருண்டையிலிருந்து மேலே குமிழ் வரை 64 சென்டிமீட்டர், கீழே நுனி வரை 8 சென்டிமீட்டர். அதாவது கீழே ஒரு மில்லி ஆட்டம் இருந்தால் டிரைவர் கையில் அது எட்டு மில்லி. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். வெட்டுக்கும் நுனிக்கும் நடுவில் இரண்டரை மில்லி இடைவெளி. கையில் 20 மில்லி, கிட்டத்தட்ட முக்கால் அங்குலம். இது நுனியில் மட்டும். உருண்டை, குழி, ராடைத் திரும்பாமல் பிடிக்கும் பின், கியரை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க் எல்லாம் சேர்ந்தால் மத்துதான். ஆனால் எந்த ஒரு பாகத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் ‘இது பரவாயில்லையே’ என்றுதான் தோன்றும்.

பிரிப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நியூட்ரல். கேபின் தரைப் பலகையைக் கழற்றியதும் உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். அறுபது வருட மண் அங்கே இருக்கும். டீசலும் பிரஷும் வைத்துக் கழுவி, காற்றடித்து, துடைத்துவிட்டுத் திறங்கள். இந்த அரை மணி நேர வேலையைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் மண் நேராக பேரிங்குக்குத்தான் போகும்.

ரப்பர் பூட் கிழிந்திருந்தால் ஆயிலையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபினுக்குள் ஒழுகும் தண்ணீர் ராடு வழியாகவே இறங்கும். டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் தெரிந்துவிடும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். அண்ணாச்சி வண்டியில் அப்படித்தான் வந்தது.

ராடைப் பிடித்திருக்கும் மூடி சில வண்டிகளில் மரை, சிலவற்றில் அழுத்தித் திருப்பும் மாதிரி, சிலவற்றில் போல்ட். எதுவானாலும் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். ராடு வெளியே வந்த நொடியே ஓட்டையில் துணியை அடைத்துவிடுங்கள். ஒருமுறை ஒரு ஸ்பிரிங் வாஷர் பெட்டிக்குள் விழுந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி, பழைய ஸ்பீக்கர் காந்தம் வாங்கி வந்து, கம்பியில் கட்டி, கிணற்றில் வாளி தேடுவது போல ஒரு மத்தியானம் முழுக்கத் துழாவினேன். இப்போது அந்தக் காந்தம் நிரந்தரமாக ஷெட் சுவரில் தொங்குகிறது.

டாப் கவர் போல்ட்டுகளைக் கழற்றி, அவை வந்த ஓட்டை வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று மாறலாம். கவரைச் சரிக்காமல் நேர் மேலே தூக்க வேண்டும். செலக்டர் ராடுகளும் ஃபோர்க்குகளும் அதோடேயே வந்துவிடும். பழைய பேக்கிங் பேப்பர் பிடித்திருந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், உளியை நுழைக்காதீர்கள். உளி போட்ட வடு ஒன்று போதும், ஆயுசுக்கும் ஆயில் ஒழுகும்.

கவர் கையில் வந்ததும் உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் லீவரால் ஒவ்வொரு ஸ்லீவாக (ஃபோர்க் நகர்த்தும், கியரோடு கோக்கும் வளையம்) தள்ளி, பல் முழுக்கப் போய்ச் சேருகிறதா, பல்லின் முனை கூம்பாகத் தேய்ந்திருக்கிறதா, மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று சோதிக்கலாம். பல் கூராகியிருந்தால் என் கட்டுரை உங்களுக்குப் பாதிதான் உதவும், பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம். மூன்றாவது கியர் பல்லில் ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கவரைப் பிரிப்பது

கவரைக் கவிழ்த்து, மரத்துண்டு வைத்து வைஸில் பிடியுங்கள். ஐந்து முன் கியர், ஒரு ரிவர்ஸ், ஆக ஆறு நிலை. ராடுக்கு இரண்டு வீதம் மூன்று செலக்டர் ராடுகள். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுங்கள். நான் இன்னும் சாக்பீஸால் தரையில் வரைகிறேன். அக்கா மகன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் லாக் கம்பி இருக்கும். வெட்டி எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ராடை மெதுவாக வெளியே தள்ள வேண்டும். மற்ற இரண்டு ராடுகளும் நியூட்ரலில் இருந்தால்தான் ஒன்று நகரும். ‘வரவில்லை’ என்று சுத்தியலை எடுப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்.

ராடு ஓட்டையை விட்டு வெளியேறும் தருணத்தில், அதைப் பள்ளத்தில் பிடித்து நிறுத்தும் எஃகுக் குண்டான லாக் பால் துள்ளும். ஸ்பிரிங் அதைக் கண்ணுக்கே அனுப்பும். அதே விட்டத்தில் மரக்குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு, ராடு போகப் போகப் பின்னாலேயே குச்சியைத் தள்ளுங்கள். பால் குச்சிக்கு அடியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் கையால் மூடி, குச்சியை உருவிக்கொள்ளலாம். திரும்பக் கட்டும்போதும் இதே குச்சி உதவும்.

இன்டர்லாக்

இதில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். மூன்று ராடுகளுக்கு நடுவே இரண்டு சிறு பிளஞ்சர்கள் (ஓட்டைக்குள் வழுக்கி ஓடும் குட்டைக் கம்பிகள்). நடு ராடின் குறுக்கே ஓர் ஓட்டை, அதற்குள் கட்டை விரல் நகத்தளவு நீளத்தில் ஒரு குட்டிப் பின். ஷேர் ஆட்டோ பின்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவர் முழங்கையை அகட்டினால் மற்ற இருவரும் அசைய முடியாது. அதேதான் இங்கும். ஓர ராடு ஒன்று நகர்ந்தால், அது தன் பக்கத்துப் பிளஞ்சரை நடு ராடின் பள்ளத்துக்குள் தள்ளும். அந்தப் பிளஞ்சர் குட்டிப் பின்னைத் தள்ளும். பின் அடுத்த பிளஞ்சரைத் தள்ளி மூன்றாவது ராடையும் பூட்டும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் காப்பது இந்த வரிசைதான். பிளஞ்சரின் நீளம் இரண்டு ராடுகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஒரு பள்ளத்தின் ஆழமும் சேர்ந்தது. முனை தேய்ந்து நீளம் குறைந்தால் பூட்டு தளரும்.

1998-ல் நான் அந்தக் குட்டிப் பின்னைத் தொலைத்தேன். காட்டன் வேஸ்ட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்க வேண்டும். பின் ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்பதே நினைவில் இல்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டேன். வண்டி மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் மூலக்கடை சந்திப்பில், காலை ஒன்பது மணிக்கு, லோடோடு நின்றுவிட்டது. ஒரு ராடு கியரிலேயே தங்கிவிட, லீவர் (கியர் ராடு) நுனி மட்டும் கழன்று கடைசி செலக்டர் ராடைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பெட்டி இறுகிப்போனது. கிளட்சை விட்டால் எஞ்சின் செத்துவிடும், வண்டி நகராது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்துவிட்டார்கள். அங்கேயே ராடைக் கழற்றி, ஓட்டை வழியாகப் பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு, நகர்ந்திருந்த செலக்டரை நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். இந்த வித்தை உங்களுக்கும் எப்போதாவது ரோட்டில் உதவும்.

பின் காணாமல் போனால் ஆணியை வெட்டிப் போடாதீர்கள். ஒருமுறை ஒரு வண்டியில் அப்படிப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆணி மெத்து இரும்பு, முனை நசுங்கி ஓட்டையிலேயே சிக்கிக்கொள்ளும். சில்வர் ஸ்டீல் கம்பியில் சரியான நீளத்துக்கு வெட்டி, முனைகளை உருட்டி, எண்ணெயிட்டால் தானாக வழுக்கி ஓடும்படி செய்யுங்கள்.

எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது

லாக் ஸ்பிரிங் மூன்றையும் கண்ணாடித் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் மூன்றையும் மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கையில் மூன்று விதமான உணர்வு வரும். பாலில் துருக்குழி இருந்தால் தூக்கிப் போடுங்கள், பேரிங் கடையில் கிடைக்கும். ஆனால் அளந்துவிட்டுப் போங்கள். 10 மில்லி பாலும் மூன்றெட்டு அங்குலப் பாலும் உள்ளங்கையில் ஒரே மாதிரிதான் தெரியும். அங்குலப் பால் 9.525 மில்லி. பென்ஸ் மில்லிமீட்டர் வண்டி, பெட்ஃபோர்டு அங்குல வண்டி. மாற்றிப் போட்டால் ஒன்று ஓட்டையில் இறங்காது, இல்லையென்றால் கடகடவென்று ஆடும்.

செலக்டர் ராடில் பால் விழும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரம் சரிவாகியிருந்தால் எவ்வளவு புது ஸ்பிரிங் போட்டாலும் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் நழுவும். எங்கள் வண்டியில் மூன்றாவது கியர் பள்ளம் அப்படித்தான் இருந்தது. புதிதாகக் கடைந்து வாங்கலாம்தான், ஆனால் சரியாகக் கடினப்படுத்தாத ராடு ஒரு வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் புதுப்பேட்டைக்குப் போய் நல்ல பழைய ராடு தேடுவது மேல். ராடைக் கையோடு எடுத்துப் போங்கள், போனில் இருக்கும் படத்தைக் காட்டி வாங்காதீர்கள். கடை பாய் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு முதலில் எடுத்துக் கொடுத்தது பார்வைக்கு அச்சு அசல் அதுவே. பக்கத்தில் வைத்தபோதுதான் பள்ளங்களுக்கு இடையில் இரண்டு மில்லி வித்தியாசம். “அண்ணே, இது வேற மாடலோடது, இருங்க” என்று உள்ளே போனவர், அரை மணி நேரம் கழித்து ஒரு முழு டாப் கவரோடு வந்தார். அதிலிருந்து ராடை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஸ்லீவின் பள்ளத்தில் உரசும் இடம். ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிக்கு மேல் போனால் நான் விடமாட்டேன், ஏனென்றால் அந்த அளவுக்கு ஸ்லீவ் பல்லில் குறைவாக ஏறும், கடைசியில் பல்லைத் தின்றுவிடும். புது ஃபோர்க் கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். கிடைக்கவில்லையா, பித்தளை ராடு வைத்து கேஸ் வெல்டிங்கில் இரண்டு காலையும் ஏற்றி, அரம் போட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு காலை மட்டும் ஏற்றினால் ஃபோர்க் கோணலாக நின்று உரசிச் சூடாகும்.

லீவர் நுனியை ஆர்க் வெல்டிங்கில் ஏற்றி, அரத்தால் உருட்டி, வெட்டுக்குள் அரை மில்லி இடைவெளி வரும் வரை போட்டுப் போட்டுப் பார்த்தேன். பையன், “மாமா, ஹார்டு வெல்டிங் ராடு வெச்சு ஏத்தலாமே, தேயாதுல்ல?” என்றான். நுனி தேயட்டும், வெட்டு தேயக் கூடாது. லீவரை வெளியே எடுப்பது பத்து நிமிட வேலை. செலக்டரின் வெட்டு தேய்ந்தால் மறுபடி இவ்வளவையும் பிரிக்க வேண்டும்.

உருண்டை அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. அதன் பக்கவாட்டு வெட்டில் நிற்கும் பின்னும் பாதி தேய்ந்திருந்தது, அதனால்தான் குமிழைத் திருகினால் ராடே திரும்பியது. கவரையும் ராடையும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பழக்கமான லேத்துக்குக் கொண்டுபோனேன். குழியைக் கொஞ்சம் கடைந்து, கன்மெட்டலில் ஒரு வளையம் செய்து அடித்து, உருண்டையை எமரி போட்டு அதற்கு ஏற்ற மாதிரி உட்கார வைத்தார். பின்னை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டோம். சிலர் கூம்பு ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வாஷர் வைத்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். ஊர் போய்ச் சேர அது போதும், ஆனால் அழுத்தம் கூடுவதால் தேய்ந்த உருண்டை இன்னும் வேகமாகத் தேயும்.

கட்டுவது

எல்லாவற்றையும் டீசலில் கழுவி, காற்றடித்து, சுத்தமான துணியில் பரப்புங்கள். பாலையும் பிளஞ்சரையும் கிரீஸ் தடவி ஒட்ட வைத்தால் கட்டும்போது விழாது. கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் ராடு ராடாக உள்ளே விடுங்கள். ஒவ்வொன்றையும் நியூட்ரலில் நிறுத்திவிட்டுத்தான் அடுத்தது. குட்டிப் பின்னைக் கையில் எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்வேன், கேட்பவர்கள் சிரித்தாலும்.

கவரை வண்டியில் ஏற்றும் முன் மேஜையிலேயே சோதனை. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ராடை ஒரு கியருக்குத் தள்ளுங்கள். ‘டக்’ என்று பால் விழ வேண்டும். அந்த நிலையில் மற்ற இரண்டையும் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. ஆறு நிலைக்கும் இப்படி. ஒன்றில் அசைந்தாலும் பிரியுங்கள். அப்புறம் ஃபோர்க் ஸ்க்ரூக்களை இறுக்கிப் புது லாக் கம்பி கட்டுங்கள். ஸ்க்ரூ தளர நினைத்தால் கம்பி இழுத்துப் பிடிக்கும் திசையில் முறுக்க வேண்டும்.

பேக்கிங்குக்கு ஆயில் பேப்பரைப் பெட்டியின் விளிம்பில் பரப்பி, உருண்டைத் தலை சுத்தியலால் ஓரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் விளிம்பே பேப்பரை வெட்டிக் கொடுத்துவிடும். மேலே மெல்லிசாக அனபாண்ட் (ஒழுகாமல் அடைக்கும் பசை). தாராளமாகப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி ஆயிலில் விழும்.

பெட்டியில் எல்லா ஸ்லீவும் நியூட்ரல், கவரில் எல்லா ஃபோர்க்கும் நியூட்ரல். நேர் கீழே இறக்கினால் கவர் சமமாகப் போய் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஏதோ ஒரு ஃபோர்க் பள்ளத்தில் இறங்கவில்லை. போல்ட்டைப் போட்டு இறுக்கி உட்கார வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஃபோர்க் வளையும் அல்லது கவர் உடையும். தூக்கி, பார்த்து, மறுபடி இறக்குங்கள். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் உட்கார்ந்தது. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 90 தடிமன், ஜி.எல்.4 தரம் உள்ள கியர் ஆயில் போதும். கடைக்காரர் ஜி.எல்.5 கொடுத்து ‘இது அதைவிட உசத்தி’ என்பார். பெட்டிக்குள் பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் சத்தமில்லாமல் சேர உதவுவது) இருந்தால் ஜி.எல்.5 ஆயிலிலுள்ள கந்தகக் கலவை பித்தளையை அரிக்கும். டிஃபரன்ஷியலுக்கு வேண்டுமானால் அது சரி.

ரப்பர் பூட் புதிது கிடைக்கவில்லை. பழைய லாரி டியூபை வெட்டி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கிவிட்டேன். இந்த வருட மழையைத் தாங்கும்.

முதலில் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, எஞ்சின் ஓடாமல் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ரோடு. காலை ஐந்து மணிக்கு ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் வரை போய் வந்தோம். மூன்றாவதில் வேகம் பிடித்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டு, குமிழின் மேல் கையை வைக்காமல் பார்த்தேன். நழுவவில்லை. திரும்பி வந்து கவர் ஓரத்தைத் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்கினேன்.

டிரைவரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அவர் கை பல வருடமாக அகலமாக வீசிப் பழகியது. இப்போது ராடு அவ்வளவு தூரம் போகாது. எங்கள் டிரைவர் முதல் நாள் பழைய பழக்கத்தில் ஓங்கித் தள்ளி, இரண்டாவது கியருக்குப் பதில் ரிவர்ஸ் வாசலில் போய் முட்டி, என்னைப் பார்த்து முறைத்தார்.